அடுப்படியை விசாரித்துவிட்டு வீட்டைப் பிடியுங்கள்: நெல்லைச் சீமையில் சமைத்துச் சாப்பிட்டுத் தங்க ஒரு வழிகாட்டி

குற்றாலத்துக்கோ பாபநாசத்துக்கோ குடும்பத்தோடு வருகிறவர்களில் பலர் இப்போது லாட்ஜ் அறையைத் தேடுவதில்லை. தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஒரு தோட்ட வீட்டையோ, ஊருக்குள் பூட்டிக் கிடக்கும் பழைய காரை வீட்டையோ மூன்று நான்கு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, ஆற்றில் குளித்து, முன்கூடமான தார்சாவில் பாயை விரித்துப் படுத்து எழுந்து போக விரும்புகிறார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றுகூடுவதற்காக அம்பாசமுத்திரத்தைச் சுற்றியும் தென்காசிப் பக்கமும் இப்படி வீடு பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. முதல்முறை வருகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். படத்தில் மலை தெரிகிறதா, வயல் தெரிகிறதா என்று பார்க்கிறவர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அடுப்படியில் எத்தனை பேருக்குப் பொங்க முடியும் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்க மறந்துவிடுகிறார்கள். நான்கு நாளும் நன்றாகக் கழிவதும் கழியாமல் போவதும் அந்த இரண்டு கேள்விகளில்தான் இருக்கிறது.

எந்த மாதம், எந்தப் பக்கம்

சாரல் வேண்டுமென்றால் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, பண்பொழி, மேக்கரைப் பக்கம் வரவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து இந்தப் பகுதியை நனைக்கும் அதே நாட்களில், ஐம்பது கிலோமீட்டர் கிழக்கே திருநெல்வேலி நகரத்தில் வெயில் காயும். இந்தப் பகுதி 2019இல் தென்காசி என்று தனி மாவட்டமாகிவிட்டது என்றாலும் சமையலும் பேச்சும் இன்றும் நெல்லைதான். சாரல் காலத்தில் குற்றாலத்தை ஒட்டிய வீடுகளுக்கு வாடகை ஏறிவிடும், சனி ஞாயிறுகளில் அருவிச் சாலையில் வண்டி நகராது. எனவே குற்றாலத்திலேயே தங்காமல் ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் வீடு பிடித்து, விடியற்காலையில் அருவிக்குப் போய்த் திரும்புவதே நல்லது என்பது என் கருத்து.

ஆறும் வயலும் வேண்டுமென்றால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம், ஆழ்வார்குறிச்சி, கடையம் ஆகிய ஊர்களின் பக்கம் பாருங்கள். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைகிறது. பிசானப் பயிர் பச்சையாக நிற்கும் ஜனவரியில், பொங்கலையொட்டி வருவதற்கு இணையான காலம் இல்லை என்றே சொல்வேன்: வெயில் தணிந்திருக்கும், வாய்க்கால்களில் தண்ணீர் ஓடும், சந்தையில் சிறுகிழங்கும் பனங்கிழங்கும் மஞ்சள்குலையும் குவிந்திருக்கும். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் நடுவரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணிக் கரை முழுவதும் வெள்ளக்காடானதை நினைவில் வைத்து, அந்த வாரங்களில் ஆற்றங்கரை வீடுகளைத் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமை.

நாட்காட்டியில் இன்னும் மூன்றைப் பார்க்க வேண்டும். பங்குனி உத்திரத்தன்று இந்தச் சீமையில் குடும்பம் குடும்பமாகத் தங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போவார்கள் என்பதால் அன்றைக்கு வண்டியும் கிடைக்காது, வீடும் கிடைக்காது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். மூன்றாவது, நீங்கள் பிடிக்கும் ஊரின் அம்மன் கோயில் திருவிழாவான கொடை. கொடையன்று இரவு முழுவதும் ஒலிபெருக்கியும் வில்லுப்பாட்டும் மேளமும் இருக்கும். அதைக் கேட்கவே வருகிறவர்களுக்கு அது பெரும் பேறு, தூங்க வருகிறவர்களுக்கு இரண்டு இரவு போய்விடும். ‘அந்தத் தேதியில் ஊரில் கொடை இருக்கிறதா?’ என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் நேரடியாகப் பேசுங்கள். உரிமையாளர் பெரும்பாலும் வெளியூரில் இருப்பார். சாவி உள்ளூர்க்காரர் ஒருவரிடம் இருக்கும், வீட்டின் உண்மை நிலை அவருக்குத்தான் தெரியும். அவரை ‘அண்ணாச்சி’ என்றே அழையுங்கள், பேச்சு இலகுவாகிவிடும்.

தண்ணீரைப் பற்றி முதலில் கேளுங்கள். குளிக்கப் புழங்க வரும் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறதா, மாடித் தொட்டி எத்தனை லிட்டர், மின்சாரம் போனால் மோட்டார் ஓடாத நேரத்தில் அது எத்தனை பேருக்குத் தாங்கும் என்று விசாரியுங்கள். ஆளுக்கு நூறு லிட்டர் என்று வைத்தாலும் பத்துப் பேருக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் லிட்டர் வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர். பஞ்சாயத்துக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிற ஊரா, எந்த நாளில் எந்த நேரத்தில் வரும், பிடித்து வைக்கக் குடங்கள் இருக்கின்றனவா என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீர் சில ஊர்களில் உப்பாக இருக்கும், அதில் பருப்பு வேகாது.

அடுத்து அடுப்படி. ‘சமையலறை வசதி உண்டு’ என்ற பதில் போதாது. அடுப்பு எத்தனை பர்னர், சிலிண்டர் வாடகையில் சேர்த்தியா, தீர்ந்தால் மாற்றுச் சிலிண்டர் வீட்டிலேயே இருக்கிறதா, பத்துப் பேருக்குச் சோறு வடிக்கும் பானையோ பெரிய குக்கரோ உண்டா, மிக்சி ஓடுகிறதா, தேங்காய் துருவி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நெல்லைச் சமையலில் தேங்காய் இல்லாத வேளை அரிது. துருவி இல்லாத அடுப்படியில் முதல்நாளே கை ஒடிந்துபோகும். அடுப்படியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தயங்காமல் அனுப்புகிறவர் வீட்டையும் ஒழுங்காக வைத்திருப்பார்.

இவற்றுக்குப் பிறகு கழிப்பறைகளின் எண்ணிக்கை, கொசுவலை, வண்டி நிறுத்த இடம், முன்பணத்தைத் திருப்பித் தரும் விதி ஆகியவற்றைக் கேட்டு, பேசியதை ஒரு குறுஞ்செய்தியாக எழுதி அனுப்பி, அவரிடமிருந்து ‘சரி’ என்ற பதிலை வாங்கிவிடுங்கள்.

வந்து சேர்வது

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இரவு ரயில்தான் சுகம். தென்காசிப் பக்கம் வீடு என்றால் பொதிகை எக்ஸ்பிரசில் ஏறி நேரே தென்காசியிலோ செங்கோட்டையிலோ இறங்கலாம். அம்பாசமுத்திரப் பக்கம் என்றால் நெல்லை எக்ஸ்பிரசில் திருநெல்வேலிக்கு வந்து, செங்கோட்டைக்குப் போகும் பயணிகள் ரயிலில் மாறிக்கொள்ளலாம். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழாம்பூர், ஆழ்வார்குறிச்சி என்று வயலுக்கு நடுவே போகும் அந்த ரயிலில் காலை நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவதே பயணத்தின் பாதிப் பயன். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது, சாரல் காலத்தில் அன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள். எப்படி வந்தாலும் வீட்டுக்குப் பகல் வெளிச்சத்தில் போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஓர் ஆண்டு நாங்கள் பதினோரு பேர் இரவு எட்டரை மணிக்கு ஒரு தோட்ட வீட்டில் போய் இறங்கினோம். சாவியைக் கொடுத்தவர் உடனே கிளம்பிவிட்டார், தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மோட்டார் சுவிட்சைப் போட்டால் உறுமல் மட்டும் வந்தது. தோட்டத்து மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வேண்டும், அன்றைக்கு ஒரு முனை வரவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. கைக்குழந்தையோடு வந்திருந்த என் தங்கை பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இரண்டு குடம் வாங்கி வந்து அந்த இரவை ஓட்டினாள்.

வீட்டுக்குள் நுழைந்த முதல் ஒரு மணி நேரம்

பைகளைப் பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், வைத்துவிட்டு, ஆற்றைப் பார்க்க ஓடாமல், சாவி கொடுத்தவர் இருக்கும்போதே அவரோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். மோட்டாரை அவர் கையாலேயே போடச் சொல்லி, தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை நில்லுங்கள். மெயின் சுவிட்ச், தண்ணீர் வால்வு, புறவாசல் கதவின் தாழ்ப்பாள் மூன்றையும் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு சிலிண்டர். வீட்டு உபயோகச் சிலிண்டரில் நிறைய இருக்கும்போது 14.2 கிலோ வாயு இருக்கும். எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, ஈரத் துணியால் அதன் பக்கவாட்டை மேலிருந்து கீழாக ஒருமுறை துடைத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். திரவம் நிற்கும் உயரம் வரை ஈரம் மெதுவாகக் காயும், அதற்கு மேலே சட்டென்று உலர்ந்துவிடும். அந்தக் கோடு சிலிண்டரின் அடிப்பக்கம் இருந்தால் மாற்றுச் சிலிண்டரை அப்போதே கேளுங்கள். கைப்பிடி வளையத்தின் உட்பக்கம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். ஏ, பி, சி, டி என்பவை ஆண்டின் நான்கு காலாண்டுகள், எண் ஆண்டு. சிலிண்டரை அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டிய காலம் அது, கடந்துபோயிருந்தால் ஏற்காதீர்கள். ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்து வெடிப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். இணைப்பில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வந்தால் அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது.

சில வீடுகளில் புறவாசலில் விறகடுப்பும் இருக்கும். தென்னஞ்சில்லாட்டையை (மட்டையின் அடியில் இருக்கும் வலை போன்ற நார்) அடியில் வைத்துக் கதம்பையை (தேங்காய் மட்டை) பற்றவைத்தால் தீ நின்று எரியும். சாரல் காலத்தில் விறகு நமுத்துப்போயிருக்கும் என்பதால் அந்த ஆசையைப் பொங்கல் பருவத்துக்கு ஒத்திவைக்கலாம்.

என்ன வாங்குவது, என்ன சமைப்பது

ஊரிலிருந்து மூட்டை கட்டி வர வேண்டியவை மிகச் சில: உங்களுக்குப் பழகிய காப்பித்தூள், தீட்டிய கத்தி ஒன்று, சாம்பார்ப்பொடி, தீப்பெட்டி, டார்ச், கயிறு, கைக்குழந்தைக்கு வேண்டியவை. மற்றதெல்லாம் இங்கேயே வாங்குங்கள், நீங்கள் தங்கும் ஊருக்கும் அது நல்லது. காய்கறிக்குத் திருநெல்வேலி–தென்காசிச் சாலையில் பாவூர்சத்திரம் சந்தை பெரியது. அம்பாசமுத்திரப் பக்கம் என்றால் அந்த ஊர்க் கடைத்தெருவே போதும். தடியங்காய் (வெண்பூசணி), சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்), ஏத்தங்காய் (நேந்திரங்காய்), சிறுகிழங்கு என்று சென்னையில் வேறு பெயரிலோ பழையதாகவோ கிடைப்பவை இங்கே அன்றைக்குப் பறித்ததாகக் கிடைக்கும். அப்பளம் கல்லிடைக்குறிச்சியில் வாங்குங்கள். அரிசியில் அம்பை 16 என்று கேட்டு வாங்கினால் குண்டு அரிசி, சோறு நெடுநேரம் பசியைத் தாங்கும். அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம் அது. பாலைப் பக்கத்து வீட்டில் கறக்கும்போதே சொல்லி வையுங்கள். குற்றாலத்தில் சாரல் நாட்களில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வரும்.

முதல்நாள் எல்லோரும் பயணக் களைப்பில் இருப்பார்கள். அன்றைக்கு உளுந்தஞ்சோறு வையுங்கள், ஒரே குக்கரில் முடிந்துவிடும். தொலியோடு இருக்கும் உடைத்த உளுந்தை வெறும் குக்கரில் வாசனை வரும்வரை வறுத்து, இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற கணக்கில் சேர்த்து, உரித்த பூண்டு ஒரு கைப்பிடி, கொஞ்சம் வெந்தயம், துருவிய தேங்காய், உப்புப் போட்டு, வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் வைத்து வேகவிட வேண்டும். எள்ளுத் துவையலும் சுட்ட அப்பளமும் போதும், வேறு எதுவும் கேட்காது.

கடைசி நாளுக்கு முந்தைய நாள், கை பழகிய பிறகு, சொதி வையுங்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் மாப்பிள்ளைக்கு வைக்கும் குழம்பு இது, நல்ல தேங்காய் கிடைக்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும். பத்துப் பேருக்கு நான்கு பெரிய தேங்காயைத் துருவி அரைத்து, தலைப்பாலைத் தனியே எடுத்து மூடி வைத்துவிட்டு, இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் எடுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி ஆகியவற்றை மூன்றாம் பாலில் வேகவிட்டு, பச்சைமிளகாயும் இஞ்சியும் அரைத்த விழுதையும் குழைய வேகவைத்த பாசிப்பருப்பையும் இரண்டாம் பாலோடு ஊற்றிக் கொதிக்க விடுங்கள். அடுப்பைக் குறைத்துக்கொண்டு தலைப்பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும். எலுமிச்சைச் சாற்றை இறக்கிச் சூடு சற்றுத் தணிந்த பிறகே பிழிய வேண்டும், அடுப்பில் இருக்கும்போது பிழிந்தவர்கள் எல்லோரும் வருந்தியிருக்கிறார்கள். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி கட்டாயம். இத்தனை தேங்காய்ப் பாலையும் செரிக்க வைப்பது அதுதான்.

வாழையிலையில் சாப்பிடுங்கள். பாத்திரம் கழுவும் வேலை பாதியாகும், இலையைப் பக்கத்து வீட்டு மாடு தின்றுகொள்ளும்.

ஆறு, அருவி, காடு

தாமிரபரணியில் உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும் குளியுங்கள். மேலே அமைதியாகத் தெரியும் ஆற்றில் சட்டென்று ஆழமாகும் கசங்கள் உண்டு, எந்தப் படித்துறையில் எதுவரை போகலாம் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும், கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் அடிக்கும்போதும் மலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம், அணையில் தண்ணீர் திறந்திருக்கலாம். நீர் கலங்கி வருவதோ, சருகும் குச்சியும் மிதந்து வருவதோ கண்டால் அந்த நொடியே கரையேறுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. அருவியில் குளிக்கத் தடை என்று காவலர் சொன்னால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். அருவியிலும் ஆற்றிலும் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் வேண்டாம், பழைய துணியை ஆற்றில் விட்டுவிட்டும் வராதீர்கள். கீழே இருக்கும் ஊர்கள் குடிக்கும் தண்ணீர் அது.

பாபநாசத்துக்கு மேலே இருப்பது களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988இல் ஏற்பட்ட அது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். காரையாற்றுக்கும் அகஸ்தியர் அருவிக்கும் சோதனைச்சாவடியைக் கடந்துதான் போக வேண்டும், நேரக் கட்டுப்பாடு உண்டு, பிளாஸ்டிக்கும் மதுவும் இருக்கிறதா என்று வண்டியைச் சோதிப்பார்கள். மலையடிவார ஊர்களில் கரடியும் சிறுத்தையும் காட்டுப்பன்றியும் வந்துபோகின்றன. ஆகவே அடிவாரத்தில் வீடு என்றால் இருட்டிய பிறகு தோப்புக்குள் நடக்காதீர்கள், மிச்சச் சோற்றையும் மீன் கழிவையும் வெளியே கொட்டாதீர்கள், பலாப்பழத்தை வராந்தாவில் வைக்காதீர்கள். பகலில் குரங்குகளுக்காக அடுப்படி ஜன்னலைச் சாத்தி வையுங்கள். செருப்பை உதறிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்டவரை அசையாமல் வைத்து, 108க்கு அழைத்து, அம்பாசமுத்திரத்திலோ தென்காசியிலோ இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அக்கம்பக்கம்

லாட்ஜில் தங்கினால் பக்கத்து அறையில் யார் என்று தெரியவேண்டியதில்லை. இங்கே அப்படி இல்லை. நீங்கள் வந்திறங்கிய பத்தாவது நிமிடத்தில் தெருவுக்கே தெரியும். முதல்நாள் மாலையே பக்கத்து வீட்டில் போய் ‘அக்கா, நாங்கள் நான்கு நாள் இந்த வீட்டில் இருப்போம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். எங்கள் அனுபவத்தில் அந்த ஒரு வார்த்தைக்குக் கறிவேப்பிலை முதல் கழுநீர்ப் பானை வரை எல்லாம் பதிலாக வந்திருக்கிறது. மாடு வளர்க்கும் வீட்டில் கழுநீருக்கென்று ஒரு பானை இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல் ஆகியவற்றை ஒரு வாளியில் சேர்த்து மாலையில் அதில் கொண்டுபோய் ஊற்றினால் உங்கள் குப்பையில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும். சோப்புத் தண்ணீரும் எலும்பும் பிளாஸ்டிக்கும் அதில் கலக்கவே கூடாது, மாட்டின் உயிருக்கு ஆபத்து.

தோப்பில் விழுந்து கிடக்கும் தேங்காயாக இருந்தாலும் கேட்டுவிட்டு எடுங்கள். நெல் காயப்போட்ட களத்தில் வண்டியைத் திருப்பாதீர்கள்.

கிளம்பும் நாள்

காலையிலேயே பாத்திரங்களைக் கழுவி, எடுத்த இடத்தில் கவிழ்த்து வையுங்கள். மிஞ்சிய அரிசி பருப்பைச் சாவி வைத்திருக்கும் அண்ணாச்சி வீட்டிலோ, பால் கொடுத்த வீட்டிலோ கேட்டுக் கொடுங்கள். உங்கள் பிளாஸ்டிக் குப்பையை உங்கள் வண்டியிலேயே எடுத்துப்போய்த் தென்காசியிலோ அம்பாசமுத்திரத்திலோ தொட்டியில் போடுங்கள், கிராமத்தில் அதை எரிக்கத்தான் செய்வார்கள். உடைந்தது, பழுதானது எதுவாக இருந்தாலும் நீங்களே சொல்லிக் காசைக் கொடுத்துவிடுங்கள். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, தொட்டியை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, மெயின் சுவிட்சை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சாவியை அவர் கையிலேயே கொடுங்கள். அடுத்த தையில் வரும் எண்ணம் இருந்தால் அப்போதே தேதியைச் சொல்லிவிடலாம். நிறைந்த தொட்டியோடு வீட்டைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு அவர் வேறு யாருக்கும் முன்பாக அந்த நாட்களை ஒதுக்கி வைப்பார்.